வால்ட்டர் பிராட்ஃபோர்டு கேனன்

வால்ட்டர் பிராட்ஃபோர்டு கேனன் (அக்டோபர் 19, 1871 – அக்டோபர் 1, 1945) அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த உடலியங்கியல் அறிஞர் ஆவார். வலி, அச்சம், சினம் போன்றவற்றுக்கு ஆளாகும்போது உடலுக்குள் நிகழும் மாற்றங்களைச் சோதனை வழியாக அளந்து காட்டிய முன்னோடிகளுள் இவர் முதன்மையானவர். இடர் நேரும்போது உயிரினம் எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ ஆயத்தமாகும் துலங்கலை விளக்கியவர் இவரே. உடல் தன் உட்சூழலை ஏறத்தாழ ஒரே நிலையில் வைத்துக்கொள்ளும் தன்மைக்கு ஹோமியோஸ்டேசிஸ் (தன்னிலை காத்தல்) என்னும் பெயரைச் சூட்டியவரும் இவரே. உணர்ச்சிகள் மூளையில் எவ்வாறு தோன்றுகின்றன என்பது பற்றிய கேனன்–பார்டு கோட்பாடு இவர் பெயரையும் இவருடைய மாணவர் பிலிப் பார்டின் பெயரையும் தாங்கியுள்ளது.

1906 முதல் 1942 வரை ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உடலியங்கியல் துறைக்குத் தலைமை வகித்தார். மன அழுத்தம் பற்றிப் பின்னாளில் வளர்ந்த ஆய்வுகள் பலவும் இவருடைய ஆய்வகத்தில் தொடங்கிய கேள்விகளின் தொடர்ச்சியாகும். இவருடைய ஆய்வு வாழ்வைத் தொடங்கிவைத்த ஊடுகதிர்களே (எக்ஸ் கதிர்கள்) இவரது இறப்புக்கும் காரணமாயின எனக் கருதப்படுகிறது.

இளமையும் கல்வியும்

கேனன் விஸ்கான்சின் மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள பிரெய்ரி டு சீன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை கோல்பர்ட் கேனன் தொடர்வண்டி நிறுவனத்தில் பணியாற்றியவர். தாய் சாரா வில்மா டெனியோ பள்ளி ஆசிரியை. கேனனுக்குப் பத்து வயதளவில், 1881 ஆம் ஆண்டில், தாய் நுரையீரல் அழற்சியால் இறந்தார். மகன் படிப்பில் அக்கறை காட்டவில்லை எனக் கருதிய தந்தை, 14 ஆவது வயதில் அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தொடர்வண்டி அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்த்தார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் கேனன் மீண்டும் படிப்புக்குத் திரும்பினார்.

மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற காலத்தில் படிவளர்ச்சிக் கொள்கை பற்றிய விவாதங்கள் இவரைப் பெரிதும் ஈர்த்தன. குடும்பத்தார் பின்பற்றிய கால்வினியச் சமயக் கோட்பாட்டில் இவருக்கு ஐயம் ஏற்பட்டதும் அக்காலத்திலேயே. பள்ளி ஆசிரியை ஒருவரின் ஊக்கத்தால் உதவித்தொகை பெற்று 1892 ஆம் ஆண்டில் ஹார்வர்டு கல்லூரியில் சேர்ந்தார். 1896 ஆம் ஆண்டில் மிகச் சிறந்த தகுதியுடன் பட்டம் பெற்றார்.

ஹார்வர்டில் விலங்கியலுடன் உளவியலும் மெய்யியலும் கற்றார். உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் இவருடைய ஆசிரியர்களுள் ஒருவர். மெய்யியலையே வாழ்நாள் துறையாகக் கொள்ளலாமா என்று கேனன் கேட்டபோது, அத்துறை வயிற்றை நிரப்பாது என்னும் பொருள்பட ஜேம்ஸ் அறிவுரை கூறி அவரைத் தடுத்தார். அதே ஆசிரியரின் புகழ்பெற்ற உணர்ச்சிக் கோட்பாட்டை மறுப்பவராகக் கேனன் பின்னாளில் உருவானார்.

1896 இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சேர்ந்து 1900 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். சட்டம் பயின்ற அறை நண்பர், உண்மை வழக்குகளை ஆராய்ந்து கற்பதைக் கண்ட கேனன், மருத்துவக் கல்வியிலும் உண்மையான நோயாளர் பதிவுகளைக் கொண்டு பயிற்றுவிக்கலாம் என 1900 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அம்முறை பின்னர் மருத்துவப் பள்ளிகளில் பரவியது.

ஊடுகதிரும் செரிமானமும்

வில்கெம் ரோன்ட்கன் 1895 நவம்பரில் ஊடுகதிரைக் கண்டுபிடித்தார். அதற்கு ஓர் ஆண்டுக்குப் பின், முதலாண்டு மருத்துவ மாணவராக இருந்த கேனனிடமும் அவருடன் பயின்ற ஆல்பர்ட் மோசரிடமும் உடலியங்கியல் பேராசிரியர் ஹென்றி பௌடிச் ஒரு பணியை ஒப்படைத்தார். உணவு விழுங்கப்படும் முறையைப் புதிய கதிர்களைக் கொண்டு காண இயலுமா என்று பார்ப்பதே அப்பணியாகும்.

1896 டிசம்பரில் நாய் ஒன்று விழுங்கிய பொத்தான் உணவுக்குழாய் வழியே இறங்குவதை ஒளிரும் திரையில் இருவரும் கண்டனர். நீண்ட கழுத்துடைய வாத்தினத்துப் பறவையையும் இச்சோதனைக்குப் பயன்படுத்தினர். ஊடுகதிர் சாதாரண உணவை எளிதில் கடந்து செல்வதால் திரையில் உணவின் நிழல் விழுவதில்லை. எனவே கதிரைத் தடுக்கும் பிஸ்மத் உப்பை உணவுடன் கலந்து கொடுத்தனர். இதனால் இரைப்பையின் வடிவமும் அதன் அலைவியக்கமும் உயிருள்ள விலங்கில், அறுவை ஏதுமின்றி, முதன்முறையாகத் தெளிவாகத் தெரிந்தன. பின்னாளில் பிஸ்மத்துக்கு மாற்றாகப் பேரியம் சல்பேட்டு புழக்கத்துக்கு வந்தது. இன்றும் மருத்துவமனைகளில் உணவுப்பாதையைப் படமெடுக்கப் பேரியக் கரைசலைக் குடிக்கச் செய்யும் முறை இவ்வழியில் வந்ததே.

பூனைகளின் இரைப்பையை மணிக்கணக்காகக் கவனித்தபோது ஓர் இடையூறு தென்பட்டது. விலங்கு அமைதியாக இருக்கும்வரை இரைப்பை ஒழுங்காக அசைந்தது. அது கட்டிலிருந்து விடுபடப் போராடினாலோ, மூச்சு சற்றே தடைப்பட்டுத் தவித்தாலோ, அலைவியக்கம் உடனே நின்றுவிட்டது. மீண்டும் அமைதியுற்ற பின்னரே அசைவு திரும்பியது. செரிமானத்தை மட்டும் காண விரும்பிய ஒருவர் இதைச் சோதனையின் பிழையாகக் கருதி ஒதுக்கியிருக்கக்கூடும். கேனன் அவ்வாறு செய்யாமல் 1898 இல் வெளியிட்ட கட்டுரையில் அதனைப் பதிவு செய்தார். மனக்கலக்கம் இரைப்பையை எவ்வாறு எட்டுகிறது என்னும் கேள்வி பிந்தைய ஆய்வுகளின் விதையாயிற்று.

செரிமான ஆய்வுகளை 1911 இல் நூலாகத் தொகுத்தார். 1912 இல் தம் மாணவர் வாஷ்பர்னுடன் சேர்ந்து பசியை ஆராய்ந்தார். வாஷ்பர்ன் சிறு காற்றுப்பை ஒன்றை விழுங்கி, அதனைக் குழாய் வழியே பதிவுக்கருவியுடன் இணைத்துக்கொண்டார். பசி உணர்வு தோன்றும் வேளையும் இரைப்பை சுருங்கும் வேளையும் பொருந்தி வந்தன. ஆகவே இரைப்பைச் சுருக்கமே பசி உணர்வுக்குக் காரணம் எனக் கேனன் முடிவு செய்தார். இரைப்பை அகற்றப்பட்டவர்களுக்கும் பசி உண்டாவது தெரிந்தபின் இம்முடிவு போதாதது என உணரப்பட்டது.

அச்சம், சினம், வலி ஆகியவற்றின் ஆய்வு

சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமைந்தவை அண்ணீரகம் எனப்படும் அட்ரினல் சுரப்பிகள். அவற்றின் உட்பகுதியான அகணியிலிருந்து அட்ரினலின் என்னும் வேதிப்பொருள் 1901 ஆம் ஆண்டளவில் தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. அதனை ஊசி வழியே செலுத்தினால் இதயத் துடிப்பு விரைவதும் குடலசைவு அடங்குவதும் தெரிந்திருந்தன. அச்சமுற்ற விலங்கின் உடலிலும் இதே மாற்றங்கள் தோன்றுவதால், அச்சத்தின்போது அண்ணீரகமே இப்பொருளைச் சுரக்கிறதா எனக் கேனன் வினவினார்.

1911 இல் டேனியல் டி லா பாஸ் என்பவருடன் இதற்கென ஒரு சோதனையை வகுத்தார். பூனையின் தொடைச் சிரை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, அண்ணீரகச் சிரைகள் பெருஞ்சிரையுடன் சேரும் இடத்துக்கு அருகிலிருந்து குருதி எடுக்கப்பட்டது. முதலில் பூனை அமைதியாக இருந்தபோதும், பின்னர் நாய் ஒன்று அதன்முன் குரைத்து அச்சுறுத்தியபோதும் எடுத்த குருதிகள் ஒப்பிடப்பட்டன. அளவிடும் கருவியாகப் பயன்பட்டது ஒரு சிறு குடல்தசைத் துண்டு. அமைதிநிலைக் குருதியில் வைத்தபோது அது வழக்கம்போல் சுருங்கி விரிந்தது. அச்சநிலைக் குருதியில் அதன் அசைவு தளர்ந்து நின்றது. அண்ணீரகம் நீக்கப்பட்ட பூனையின் குருதியில் இவ்விளைவு தோன்றவில்லை.

அதே ஆண்டில் ஹாஸ்கின்ஸ் என்பவருடன் செய்த சோதனைகளில், மயக்கநிலையில் உள்ள விலங்கின் உணர்வு நரம்பைத் தூண்டினாலும் அண்ணீரகச் சுரப்பு மிகுவதைக் கண்டார். இது வலியைப் பற்றிய முதன்மையான முடிவாகும். விழித்திருக்கும் விலங்கில் வலியை உண்டாக்கக்கூடிய நரம்புத் தூண்டல், அச்சத்தையும் சினத்தையும் போலவே, பரிவு நரம்பு மண்டலத்தின் வழியே உடல் முழுவதையும் எழுப்பிவிடுகிறது என்பது இதனால் புலப்பட்டது.

மனிதரிடமும் இம்மாற்றங்களைத் தேடினார். 1913 ஆம் ஆண்டுப் பருவத்தின் இறுதிக் கால்பந்துப் போட்டிக்குப் பின்னர் ஹார்வர்டு அணியைச் சேர்ந்த 25 பேரின் சிறுநீர் ஆராயப்பட்டது. 12 பேரிடம் சர்க்கரை காணப்பட்டது. அவர்களுள் 5 பேர் ஆட்டத்தில் இறங்காமல் ஓரமாக அமர்ந்திருந்த மாற்று ஆட்டக்காரர்கள். உடலுழைப்பு இல்லாத நிலையிலும் கிளர்ச்சி மட்டுமே குருதியில் சர்க்கரையை உயர்த்த வல்லது என்பதற்கு இது சான்றாயிற்று.

எதிர்த்து நிற்றல் அல்லது தப்பியோடுதல்

இவ்வாய்வுகளைத் தொகுத்து 1915 இல் ஒரு நூலை வெளியிட்டார். வலி, பசி, அச்சம், பெருஞ்சினம் ஆகியவற்றின்போது தோன்றும் உடல் மாற்றங்கள் என்பது அதன் தலைப்பின் பொருள். இதன் விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு 1929 இல் வெளிவந்தது. இடர் நேரும்போது காணப்படும் மாற்றங்களை இந்நூல் பின்வருமாறு விளக்கியது:

- இதயத் துடிப்பு விரைவடைகிறது, குருதியழுத்தம் உயர்கிறது.
- செரிமான உறுப்புகளிலிருந்து குருதி விலகி, தசைகளுக்கும் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் மூளைக்கும் மிகுதியாகச் செல்கிறது.
- கல்லீரலில் சேமிக்கப்பட்ட கிளைக்கோசன் சர்க்கரையாக மாறிக் குருதியில் கலக்கிறது.
- மூச்சுக்குழல் கிளைகள் விரிவடைகின்றன.
- களைத்த தசைகளின் திறன் ஓரளவு மீள்கிறது.
- காயம் ஏற்பட்டால் குருதி விரைவில் உறைகிறது.

தனித்தனியே பார்த்தால் இவை தொடர்பற்றவை போலத் தோன்றும். போராடவோ ஓடவோ வேண்டிய ஓர் உயிரின் தேவையிலிருந்து நோக்கினால் ஒவ்வொன்றுக்கும் பயன் இருப்பது தெரியும் என்பதே கேனனின் வாதம். வலியும் இவ்வரிசையில் இடம்பெற்றது. கடுமையான வலி உயிருக்கு நேரும் கேட்டின் அறிவிப்பு. அதே வேளையில் முழு ஆற்றலையும் திரட்டும் தூண்டுகோலும் ஆகும் என அவர் கருதினார். எனினும் ஓட்டமோ போராட்டமோ இல்லாத வாழ்வில் இவ்வாயத்தநிலை அடிக்கடி தூண்டப்பட்டால், செரிமானம் கெடுவது போன்ற கேடுகள் விளையும் என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

மறுப்புகள்

கிளீவ்லாந்தில் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட், ரோகாஃப் ஆகிய இருவரும் இம்முடிவுகளைக் கடுமையாக எதிர்த்தனர். அண்ணீரகம் எப்போதும் ஏறத்தாழ ஒரே அளவிலேயே சுரக்கிறது என்பதும், கேனனின் சோதனைமுறையே சுரப்பைத் திரித்துக் காட்டுகிறது என்பதும் அவர்களின் வாதம். கேனன் இதற்குப் புதிய முறையொன்றை வகுத்து விடையளித்தார். நரம்புகள் துண்டிக்கப்பட்ட இதயம் மூளையின் கட்டளையை நேரடியாகப் பெற இயலாது. குருதியில் வரும் வேதிப்பொருளுக்கு மட்டுமே துலங்கும். அத்தகைய இதயமுடைய பூனை, அறுவையிலிருந்து முற்றிலும் தேறிய பின்னர், கிளர்ச்சியுற்றபோது அதன் துடிப்பு விரைந்தது. அண்ணீரகச் சுரப்பு நிறுத்தப்பட்டபோது அவ்விரைவு பெரிதும் குறைந்தது. விவாதம் பல ஆண்டுகள் நீடித்தாலும், கிளர்ச்சியின்போது சுரப்பு மிகுகிறது என்னும் அடிப்படை முடிவு நிலைபெற்றது.

முதலாம் உலகப்போரில்

அமெரிக்கா 1917 இல் போரில் இறங்கியபோது கேனன் ஹார்வர்டு மருத்துவக் குழுவுடன் பிரான்சுக்குச் சென்றார். காயமுற்ற வீரர்களிடம் தோன்றும் அதிர்ச்சி நிலையை ஆராய்வதே அவரது பணி. குருதியழுத்தம் வீழ்ந்து, தோல் குளிர்ந்து, சில மணி நேரங்களில் இறப்பை உண்டாக்கிய நிலை அது. போர்முனைக்கு அருகிலிருந்த மருத்துவ நிலையங்களில் குருதியழுத்தத்தையும் குருதியின் காரத்தன்மையையும் அளந்தார். பின்னர் இலண்டனில் வில்லியம் பேலிசுடன் இணைந்து ஆய்வு செய்தார்.

நசுங்கிய தசையிலிருந்து வெளிப்படும் நச்சுப்பொருளே அதிர்ச்சிக்குக் காரணம் என்னும் கருத்தை இருவரும் முன்வைத்தனர். இவ்வாய்வுகள் 1923 இல் நூலாக வெளிவந்தன. 1930 இல் ஆல்பிரட் பிளாலாக் செய்த சோதனைகள், காயமுற்ற பகுதியில் குருதியும் நீர்மமும் கசிந்து தேங்குவதே முதன்மைக் காரணம் எனக் காட்டின. நச்சுக் கருத்து பின்வாங்கியது. அதிர்ச்சியைக் கண்ணால் மட்டும் மதிப்பிடாமல் அளவீடுகளால் ஆராய வேண்டும் என்னும் நெறி நிலைத்தது.

உணர்ச்சியும் மூளையும்

வில்லியம் ஜேம்ஸ் 1884 இலும், டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் லாங்கே 1885 இலும் ஒத்த கருத்தைத் தனித்தனியே வெளியிட்டிருந்தனர். உடலில் மாற்றங்கள் முதலில் நிகழ்கின்றன. அவற்றை உணர்வதே உணர்ச்சி என்பது அக்கருத்து. இதன்படி நடுங்குவதால் அஞ்சுகிறோமேயன்றி, அஞ்சுவதால் நடுங்குவதில்லை. இது ஜேம்ஸ்–லாங்கே கோட்பாடு எனப்படுகிறது.

கேனன் 1927 இல் வெளியிட்ட கட்டுரையில் இக்கோட்பாட்டுக்கு ஐந்து மறுப்புகளைக் கூறினார்:

- உள்ளுறுப்புகளுக்கும் மூளைக்கும் இடையிலான நரம்புத் தொடர்பைத் துண்டித்தாலும் விலங்குகளின் உணர்ச்சி நடத்தை மறைவதில்லை.
- அச்சம், சினம் போன்ற வெவ்வேறு உணர்ச்சிகளிலும், காய்ச்சல் போன்ற உணர்ச்சியற்ற நிலைகளிலும், ஒரே வகையான உள்ளுறுப்பு மாற்றங்களே காணப்படுகின்றன.
- உள்ளுறுப்புகளின் உணர்திறன் மிகவும் குறைவு.
- உள்ளுறுப்பு மாற்றங்கள் மெதுவாக நிகழ்பவை. உணர்ச்சியோ அவற்றுக்கு முன்னரே தோன்றிவிடுகிறது.
- அட்ரினலினைச் செலுத்தி இம்மாற்றங்களைச் செயற்கையாக உண்டாக்கினாலும், பெரும்பாலும் உண்மையான உணர்ச்சி தோன்றுவதில்லை.

மாற்று விளக்கத்தை அவர் மூளையில் தேடினார். பெருமூளைப் புறணி நீக்கப்பட்ட பூனைகள் காரணமின்றிச் சீறி, மயிர் சிலிர்த்து, நகங்களை நீட்டுவதைக் கேனனும் பிரிட்டனும் 1925 இல் விவரித்தனர். இது போலிச் சினம் எனப் பெயர் பெற்றது. மூளையை வெவ்வேறு மட்டங்களில் துண்டித்து ஆராய்ந்த பிலிப் பார்டு, இந்நடத்தைக்குத் தேவையான பகுதி ஐப்போத்தலாமசின் பின்பாதியில் உள்ளதென 1928 இல் காட்டினார். சினத்தின் வெளிப்பாட்டை ஆழ்மூளை உருவாக்குகிறது என்பதும், புறணி அதனை வழக்கமாக அடக்கி வைத்துள்ளது என்பதும் இதனால் தெரிந்தன. தலாமசுப் பகுதியிலிருந்து ஒரே வேளையில் புறணிக்கும் உடலுக்கும் செய்திகள் செல்கின்றன. அகத்தில் உணர்ச்சியும் புறத்தில் உடல் மாற்றமும் உடனிகழ்வாகத் தோன்றுகின்றன என்பதே கேனன்–பார்டு கோட்பாடு ஆகும்.

தன்னிலை காத்தல்

உயிரணுக்களைச் சூழ்ந்துள்ள நீர்மமே உடலின் உட்சூழல் என்றும், அது மாறாதிருப்பதே உயிரின் தன்னுரிமைக்கு அடிப்படை என்றும் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார்டு 19 ஆம் நூற்றாண்டில் கூறியிருந்தார். அந்நிலை எவ்வாறு காக்கப்படுகிறது என்பதைக் கேனன் விளக்க முற்பட்டார். 1926 இல் ஹோமியோஸ்டேசிஸ் என்னும் சொல்லை அறிமுகப்படுத்தினார். 1929 இல் விரிவான கட்டுரை ஒன்றையும், 1932 இல் பொதுவாசகரும் படிக்கத்தக்க உடலின் மெய்யறிவு என்னும் பொருள்படும் நூலையும் வெளியிட்டார்.

குருதியின் சர்க்கரை, உப்பு, நீர், கால்சியம், அமில–காரச் சமநிலை, உடல் வெப்பம் ஆகியவை அசையாமல் நிற்பவை அல்ல. ஒன்றையொன்று எதிர்க்கும் செயல்களால் இடையறாது திருத்தப்பட்டு, குறுகிய எல்லைக்குள் வைக்கப்படுபவை. எடுத்துக்காட்டாக, குளிரில் தோலின் குருதிக்குழல்கள் சுருங்கி வெப்ப இழப்பைக் குறைக்கின்றன. அது போதாதபோது நடுக்கம் தோன்றி வெப்பத்தை உண்டாக்குகிறது.

பரிவு நரம்புத் தொடர்கள் முழுவதும் நீக்கப்பட்ட பூனைகளைக் கேனனின் ஆய்வகம் நெடுநாள் வளர்த்துக் கவனித்தது. ஆய்வகத்தின் இதமான சூழலில் அவை குறையின்றி வாழ்ந்தன. குளிரிலோ கிளர்ச்சியிலோ கடும் முயற்சியிலோ அவற்றின் உடல் ஈடுகொடுக்கவில்லை. அமைதியான நாள்களில் தேவையற்றது போலத் தோன்றும் ஓர் ஏற்பாடு இடர்க்காலத்துக்கென்றே பேணப்படுகிறது என்பதற்கு இது சான்றாக அமைந்தது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வெளிவந்த அந்நூலின் இறுதிப்பகுதியில், சமூகமும் தன்னைத் தானே நிலைப்படுத்திக்கொள்ளும் வழிகளை உடலிடமிருந்து கற்கலாம் எனக் கேனன் எழுதினார்.

நரம்பின் வேதிச் செய்தி

நரம்பு முனைகள் வேதிப்பொருளை வெளியிட்டுச் செய்தியைக் கடத்துகின்றனவா என்பது 1930களின் பெரும் கேள்வி. பெல்ஜியத்தைச் சேர்ந்த செனோன் பாக்குடன் 1931 இல் செய்த ஆய்வில், பரிவு நரம்புகள் தூண்டப்படும்போது அட்ரினலினை ஒத்த ஒரு பொருள் குருதியில் கலப்பதைக் கேனன் கண்டு, அதற்குச் சிம்பத்தின் எனப் பெயரிட்டார். மெக்சிகோ நாட்டு அறிஞர் ஆர்த்துரோ ரோசன்புளூத்துடன் சேர்ந்து, அது கிளர்த்தும் வகை, அடக்கும் வகை என இரண்டாக உள்ளது என 1933 இல் கூறினார்.

இவ்விருவகைக் கருத்து நிலைக்கவில்லை. பரிவு நரம்புகள் வெளியிடும் முதன்மைப் பொருள் நார்அட்ரினலின் என 1946 இல் உல்ஃப் வான் ஆய்லர் காட்டினார். வேறுபாடு பொருளில் இல்லை, அதனைப் பெறும் ஏற்பிகளில்தான் உள்ளது என 1948 இல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் விளக்கினார். நரம்புகளின் வேதிச் செய்திக் கடத்தலுக்கான 1936 ஆம் ஆண்டு நோபல் பரிசு ஆட்டோ லோவி, ஹென்றி டேல் ஆகியோருக்கு வழங்கப்பட்டது. கேனன் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் அப்பரிசைப் பெறவில்லை.

அச்சத்தால் நேரும் இறப்பு

1942 இல் மானிடவியல் இதழ் ஒன்றில் கேனன் வெளியிட்ட கட்டுரை பரவலான கவனம் பெற்றது. சூனியம் வைக்கப்பட்டதாகவோ விலக்கை மீறியதாகவோ நம்பியவர்கள், வெளிப்படையான நோயின்றிச் சில நாள்களில் இறந்துபோனதாக ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் அமெரிக்கா முதலிய இடங்களிலிருந்து வந்த செய்திகளை அதில் ஆராய்ந்தார். சமூகம் ஒருவரை இறந்தவராகவே நடத்தத் தொடங்கும்போது, அவர் உண்ணாமலும் பருகாமலும் பேரச்சத்தில் ஆழ்கிறார். பரிவு நரம்பு மண்டலத்தின் இடைவிடாத தூண்டல் குருதியழுத்தத்தை வீழ்த்தி, போர்க்களத்தில் கண்ட அதிர்ச்சி நிலையை ஒத்த முடிவை உண்டாக்கலாம் என்பது அவரது விளக்கம்.

அச்செய்திகளில் பல முறையான மருத்துவப் பதிவுகள் அல்ல என்பதால், இக்கட்டுரை பின்னர் திறனாய்வுக்கு உள்ளாயிற்று. கர்ட் ரிக்டர் 1957 இல் எலிகளைக் கொண்டு செய்த ஆய்வின் அடிப்படையில், இதயத்தை மந்தமாக்கும் வேகஸ் நரம்பே காரணமாகலாம் என்றார். கடுந்துயராலோ அதிர்ச்சியாலோ இதயத்தசை திடீரெனத் தளரும் டாகோட்சுபோ என்னும் நிலை 1990 இல் ஜப்பானிய மருத்துவர்களால் விவரிக்கப்பட்டது. உணர்ச்சி இதயத்தைத் தாக்கவல்லது என்னும் கேனனின் அடிப்படைக் கருத்துக்கு அது வலுச் சேர்த்தது.

விலங்காய்வு விவாதம்

கேனனின் பெரும்பாலான முடிவுகள் பூனைகள், நாய்கள் ஆகியவற்றின்மீது செய்த சோதனைகளிலிருந்து பெறப்பட்டவை. அச்சத்தையும் வலியையும் ஆராயும் துறையில் இது கூர்மையான அறக்கேள்வியை எழுப்பியது. அமெரிக்காவில் விலங்காய்வை எதிர்த்த இயக்கங்கள் அதனைச் சட்டத்தால் தடுக்க முயன்றன. 1908 இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் மருத்துவ ஆய்வைக் காப்பதற்கென ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவராகக் கேனன் 1926 வரை பணியாற்றினார்.

ஆய்வின் பயனை எடுத்துரைத்ததோடு, ஆய்வகங்களுக்கான நடத்தை விதிகளையும் அவர் வகுத்தார். விலங்குகளுக்குத் தூய்மையான இடமும் உணவும் தரப்பட வேண்டும். வலி உண்டாக்கும் அறுவைகளில் மயக்க மருந்து கொடுக்கப்பட வேண்டும் என்பவை அவற்றுள் அடங்கும். பல மருத்துவப் பள்ளிகள் அவற்றை ஏற்றன. எதிர்ப்பாளர்கள் இவை போதா எனக் கருதினர். தன்விருப்ப விதிகளுக்கு மாறாகச் சட்டமும் அறக்குழுக்களின் ஒப்புதலும் பிற்காலத்தில் பல நாடுகளில் கட்டாயமாயின.

குடும்பமும் பொதுவாழ்வும்

1901 இல் கார்னிலியா ஜேம்ஸ் என்பவரை மணந்தார். இவர் பின்னாளில் நாவலாசிரியராகவும் குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கத்தில் ஈடுபட்டவராகவும் விளங்கினார். மணமான ஆண்டில் இருவரும் மொன்டானாவில் ஏறிய மலைமுகடு இன்று கேனன் மலை என அழைக்கப்படுகிறது. அது இப்போதைய கிளேசியர் தேசியப் பூங்காவில் உள்ளது. இவர்களுக்கு ஒரு மகனும் நான்கு மகள்களும் பிறந்தனர். மகன் பிராட்ஃபோர்டு ஒட்டறுவை மருத்துவர். மகள் வில்மா சீனக் கட்டடக்கலை ஆய்வாளர். மற்றொரு மகள் மரியன் ஓவியர்.

உருசிய அறிஞர் இவான் பாவ்லோவ் கேனனின் நெருங்கிய நண்பர். 1929 இல் பாஸ்டனில் நடந்த பன்னாட்டு உடலியங்கியல் மாநாட்டுக்கு வந்தபோது கேனனின் வீட்டில் தங்கினார். 1935 இல் கேனன் பீக்கிங் ஒன்றிய மருத்துவக் கல்லூரியில் வருகைப் பேராசிரியராகப் பணியாற்றினார். சீனாவுக்கு மருத்துவ உதவி திரட்டும் பணியிலும் ஈடுபட்டார். எசுப்பானிய உள்நாட்டுப் போரின்போது குடியரசு அரசுக்கு மருத்துவ உதவி அனுப்பிய அமெரிக்க அமைப்புக்குத் தலைமை தாங்கினார். அக்குடியரசின் தலைமையமைச்சர் குவான் நெக்ரின் உடலியங்கியல் அறிஞரும் இவருடைய நண்பரும் ஆவார். இதனால் கேனன் பொதுவுடைமை ஆதரவாளர் எனக் குற்றம் சாட்டப்பட்டபோதும் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை. நாட்சி செருமனியிலிருந்து வெளியேறிய அறிஞர்களுக்கும் உதவினார்.

நோயும் மறைவும்

ஊடுகதிரின் தீங்கு அறியப்படாத காலத்தில், போதிய பாதுகாப்பின்றி நெடுநேரம் கதிர்க்குழாயின் அருகில் நின்று கேனன் ஆய்வு செய்திருந்தார். பல்லாண்டுகளுக்குப் பின் தோலில் தாங்கவியலாத அரிப்பும் புண்களும் தோன்றின. 1930களின் தொடக்கத்தில் அது நிணநீர்ச் செல்களில் தோன்றித் தோலைத் தாக்கும் புற்றுநோய் என அறியப்பட்டது. இளமையில் பெற்ற கதிர்வீச்சே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. உடலின் மெய்யறிவைப் பற்றிய நூலும், வேதிச் செய்திக் கடத்தல் ஆய்வுகளும், பிற்காலக் கட்டுரைகளும் இந்நோயுடன் வாழ்ந்த ஆண்டுகளில் எழுதப்பட்டவை.

1942 இல் ஹார்வர்டிலிருந்து ஓய்வு பெற்றார். ஆய்வாளராகத் தாம் நடந்துவந்த பாதையை விளக்கும் நூல் ஒன்றை 1945 இல் வெளியிட்டார். எதிர்பாராமல் கண்ணில் படுவதைப் புறக்கணிக்காமல் பின்தொடர்வது அறிவியலில் எவ்வளவு முதன்மையானது என்பதற்கு அதில் தனி இடம் தந்துள்ளார். அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று நியூ ஆம்சயர் மாநிலத்தின் பிராங்கிளின் நகரில் காலமானார்.

இன்றைய அறிவியல் பார்வையில்

கேனனின் பணி அண்ணீரகத்தின் அகணியை மையமாகக் கொண்டது. அதன் புறணிச் சுரப்புகள் நீண்டகால அழுத்தத்தில் கொள்ளும் பங்கை அன்ஸ் செல்யே 1936 முதல் ஆராய்ந்தார். இரண்டும் சேர்ந்தே இன்றைய மன அழுத்த அறிவியலின் அடிப்படையாகின்றன. உடல் ஒரே நிலையைக் காப்பதோடு, வரவிருக்கும் தேவைக்கேற்ப அந்நிலையை மாற்றிக்கொள்வதும் உண்டு என்னும் கருத்து 1988 இல் அல்லோஸ்டேசிஸ் என்னும் பெயரில் முன்வைக்கப்பட்டது. ரோசன்புளூத் வழியாகத் தன்னிலை காத்தல் என்னும் கருத்து நோர்பர்ட் வீனரை எட்டி, 1948 இல் வெளிவந்த அவரது சைபர்னெட்டிக்ஸ் நூலிலும் தடம் பதித்தது.

உணர்ச்சியைப் பொறுத்தவரை, கேனன் முதன்மை அளித்த தலாமசுடன் ஐப்போத்தலாமசு, அமிக்டலா, பெருமூளைப் புறணியின் பல பகுதிகள் ஆகியவையும் இணைந்து செயல்படுவது இன்று அறியப்பட்டுள்ளது. உடலிலிருந்து மூளைக்குச் செல்லும் செய்திகள் உணர்ச்சியின் தன்மையை மாற்றுகின்றன என்பதற்கும் சான்றுகள் உள்ளன. ஆகவே ஜேம்ஸ் முற்றிலும் பிழைபட்டவர் எனக் கூற இயலாது. இடர் நேரத்தில் எதிர்ப்பதும் ஓடுவதும் மட்டுமன்றி, அசைவற்று உறைந்து நிற்பதும் ஒரு துலங்கலாக ஏற்கப்பட்டுள்ளது.

வலியின் கதையும் கேனன் விட்ட இடத்திலிருந்து நீண்டது. இரண்டாம் உலகப்போரில் கடுங்காயமுற்ற வீரர்கள் பலர் எதிர்பார்த்த அளவு வலியை உணரவில்லை என ஹென்றி பீச்சர் 1946 இல் பதிவு செய்தார். முதுகுத் தண்டுவடத்தில் வலிச் செய்தி கட்டுப்படுத்தப்படுகிறது என்னும் வாயிற் கோட்பாட்டை ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் ஆகியோர் 1965 இல் வெளியிட்டனர். மூளையே உருவாக்கும் அபினையொத்த பொருள்கள் 1975 இல் கண்டறியப்பட்டன. வலி உடலைப் போருக்கு எழுப்புகிறது எனக் கேனன் காட்டினார். எழுப்பப்பட்ட மூளை அவ்வலியையே தற்காலிகமாகத் தணிக்கவும் வல்லது என்பது அவருக்குப் பின் வந்தவர்களால் அறியப்பட்டது.